கோரைப்பல் இறங்குவதற்கு முன்னால்

பெயரை வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டு ஒரு தந்தை எழுதியிருக்கிறார். நீளமான கடிதம். சாரம் இதுதான்:

மகனுக்கு எட்டே முக்கால் வயது. பிறக்கும்போதே இடது பக்கம் உதடு, ஈறு, அண்ணம் மூன்றிலும் பிளவு. நான்காவது மாதத்தில் உதட்டையும் 13-வது மாதத்தில் அண்ணத்தையும் அறுவைசிகிச்சையில் சேர்த்துத் தைத்தார்கள். இரண்டும் நன்றாக ஆறிவிட்டதால், இனி பல் மட்டும்தான் பாக்கி என்று குடும்பம் நிம்மதியாக இருந்துவிட்டது. ஏழு வயதில் முளைத்த மேல் முன்பல் திருகிக்கொண்டு பக்கவாட்டில் நின்றது. இடது பக்க மேல்வரிசைப் பற்கள் கீழ்வரிசைக்கு உள்ளே போய் உட்காருகின்றன. முதலில் பார்த்த பல் மருத்துவர், “எல்லாப் பல்லும் விழுந்து முளைக்கட்டும், 12, 13 வயதில் கிளிப் போட்டுக்கொள்ளலாம்” என்றார். அடுத்துப் பார்த்த பல் சீரமைப்பு நிபுணரோ, இப்போதே மேல்தாடையை விரிக்க வேண்டும், அப்புறம் இடுப்பிலிருந்து எலும்பு எடுத்து ஈற்றுப் பிளவில் வைக்க வேண்டும் என்று சொல்லி, அண்ணத்தில் ஒரு கம்பிச் சாதனத்தைப் பொருத்தினார். இரண்டு மாதம் ஆகிறது. கடந்த மூன்று வாரமாகப் பையன் தண்ணீர் குடித்தால் மூக்கின் இடது துவாரத்தில் கசிகிறது. கம்பி பழைய தையலைக் கிழித்துவிட்டது என்று பயந்து, அடுத்து வரச் சொன்ன நாளில் இவர்கள் போகவில்லை.

இடுப்பில் எலும்பு எடுத்தால் பையன் நொண்டுவானோ என்பது மனைவியின் பயம். விழப்போகிற பால்பல்லில் இருக்கும் சொத்தையை எதற்கு அடைக்கச் சொல்கிறார்கள், கிளிப் போட்டால் மூக்கால் பேசுவது சரியாகிவிடுமா, எல்லாவற்றையும் 18 வயதில் ஒரே தடவையாகச் செய்துகொள்ள முடியாதா என்பவை இவருடைய கேள்விகள். பையன் சொல்வதையும் கடைசியில் எழுதியிருக்கிறார்: “ஏற்கெனவே எல்லாரும் என் வாயையேதான் பார்க்கிறாங்க. இதுல கம்பி வேறயா?”

உங்கள் மகனை நான் பரிசோதிக்கவில்லை, அவனுடைய எக்ஸ்ரேயும் என்னிடம் இல்லை. அதனால் அவனுக்கு இன்னதுதான் செய்ய வேண்டும் என்று தீர்ப்புச் சொல்ல மாட்டேன். ஆனால் நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால், இரண்டாவது மருத்துவர் சொன்ன வழிதான் இந்த வயதுக்கு உரிய வழி. அவர் சொல்லாமல் விட்ட விஷயங்களும் சில இருக்கின்றன. அவற்றை நீங்கள் கேட்டு வாங்க வேண்டும்.

முதலில், மூக்கில் வரும் தண்ணீர்

கம்பி கிழித்துவிட்டது என்று நீங்கள் நினைப்பது புரிகிறது. பொருத்தினார்கள், பிறகு தண்ணீர் வந்தது; யாராக இருந்தாலும் இரண்டையும் முடிச்சுப் போடத்தான் செய்வார்கள். பெரும்பாலும் நடப்பது வேறு. சிறுவயதில் உதட்டையும் அண்ணத்தையும் மூடும்போது, முன்பற்களுக்கு மேலே ஈற்றில் இருக்கும் பிளவைப் பல அறுவைசிகிச்சை நிபுணர்கள் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவைப்பார்கள். வளர வளர, உதட்டுத் தழும்பும் அண்ணத் தழும்பும் இழுப்பதால் மேல்தாடையின் இரண்டு துண்டுகளும் உள்ளே சரிந்து ஒன்றோடொன்று ஒட்டி நிற்கும். நடுவில் இருக்கிற சந்து அந்த நெருக்கத்தில் மறைந்திருக்கும். தாடையை விரிக்கும்போது துண்டுகள் விலகி, மறைந்திருந்த சந்து வெளியே தெரியும், தண்ணீர் ஏறும். சந்து முன்பே இருந்ததுதான், இப்போது அதன் வாய் திறந்திருக்கிறது. எலும்பு வைக்கும் அறுவைசிகிச்சையின்போது அதையும் சேர்த்தே மூடிவிடுவார்கள்.

விரிப்பதற்கு முன்பே இதைச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லாதது அவர்கள் பக்கத்துக் குறை. அதற்காக நீங்கள் போகாமல் இருந்தது சரியில்லை. வாயில் இருக்கிற சாதனம் நீங்கள் போனாலும் போகாவிட்டாலும் கொஞ்ச காலத்துக்கு அழுத்திக்கொண்டேதான் இருக்கும். கடைவாய்ப்பல்லில் மாட்டிய வளையம் தளர்ந்தால் அதன் அடியில் உணவு தங்கிச் சொத்தை பிடிக்கும், கம்பி நகர்ந்து அண்ணத்தில் பதியும். அதனால் இந்த வாரமே போன் செய்து, நடந்ததைச் சொல்லிப் போய்ப் பாருங்கள். சாவி போட்டு வீட்டில் திருப்புகிற வகையாக இருந்தால், அவர்களிடம் பேசும்வரை திருப்ப வேண்டாம். நீங்களாகக் கழற்றவும் வேண்டாம். பிடிமானம் இல்லாமல் விட்டால் தழும்பு தாடையைப் பழைய இடத்துக்கே இழுத்துக்கொண்டு போய்விடும். தண்ணீர் ஏறுகிற துவாரம் எந்த இடத்தில் இருக்கிறது, முன்ஈற்றிலா அல்லது பின்னால் அண்ணத்திலா என்று கேளுங்கள். பின்னால் இருந்தால் நான் மேலே சொன்ன சமாதானம் அப்படியே பொருந்தாது. அறுவைசிகிச்சை நிபுணரும் பார்க்க வேண்டும். அதுவரைக்கும் சின்னச் சின்ன மடக்காகக் குடிக்கட்டும், சாப்பிட்டதும் வாய் கொப்பளிக்கட்டும். துர்நாற்றமோ ரத்தமோ வீக்கமோ இருந்தால் அன்றைக்கே காட்டுங்கள்.

12 வயது வரை ஏன் காத்திருக்கக் கூடாது

முதல் மருத்துவர் தப்பான ஆளில்லை. பிளவு இல்லாத குழந்தைக்கு அவர் சொன்னது பெரும்பாலும் பொருத்தமான யோசனைதான். உங்கள் மகனின் தாடையில் உள்ள வித்தியாசம், பல் நிற்க வேண்டிய எலும்பு வரிசை இடது பக்கம் அறுந்திருப்பது. மண்ணே இல்லாத இடத்தில் கம்பம் நடமுடியாது. கிளிப்பால் பல்லை எங்கே வேண்டுமானாலும் தள்ளிவிடலாம் என்று பலர் நினைக்கிறார்கள். எலும்பு இருக்கிற இடத்தில்தான் பல் நகரும்.

இங்கே நாம் பார்க்க வேண்டியது வயதை அல்ல, இடது மேல் கோரைப்பல்லை. அது எலும்புக்குள் உருவாகிக்கொண்டே பிளவின் ஓரமாகக் கீழே இறங்கும். எலும்பு இல்லாத வெற்றிடத்தில் வந்து முளைத்தால், அதன் வேர் ஒரு பக்கம் ஆதாரமில்லாமல் நிற்கும். பிறகு அந்தப் பல்லும் பக்கத்துப் பல்லும் சீக்கிரமே ஆட்டம் காண வாய்ப்பு இருக்கிறது. அது இறங்குவதற்கு முன்பே எலும்பை நிரப்பிவிட்டால், பல் அந்தப் புது எலும்பு வழியாகவே வரும். வருகிற பல்லும் அந்த எலும்பைக் காப்பாற்றும், ஏனென்றால் வேலை இல்லாத எலும்பு மெல்ல மெல்லக் கரைந்துவிடும். பால்பற்களும் நிலைப்பற்களும் கலந்திருக்கும் பருவத்தில் இடுப்பெலும்பை வைக்கும் இந்த முறையை 1972-ல் பாய்ன், சாண்ட்ஸ் என்ற இருவர் விளக்கி எழுதினார்கள். 1980-களில் நார்வேயின் ஓஸ்லோ நகரப் பிளவுச் சிகிச்சைக் குழு தன் நோயாளிகளின் முடிவுகளை வெளியிட்டபோது, கோரைப்பல் முளைப்பதற்கு முன் செய்தால்தான் பலன் அதிகம் என்பது தெளிவாயிற்று. இன்றும் பெரும்பாலான குழுக்கள் அந்தக் கணக்கைத்தான் பின்பற்றுகின்றன: கோரைப்பல்லின் வேர் பாதியிலிருந்து மூன்றில் இரண்டு பங்கு வளர்ந்திருக்கும்போது. வயதில் சொன்னால் ஏறக்குறைய 8 முதல் 11. சில குழந்தைகளுக்குப் பக்கவாட்டு வெட்டுப்பல்லை, அதாவது நடு முன்பல்லுக்கும் கோரைப்பல்லுக்கும் இடையில் உள்ள பல்லை, காப்பாற்ற இன்னும் முன்னதாகவே செய்வதும் உண்டு.

ஆக, உங்கள் மகன் இப்போது அந்த வாசலில் நிற்கிறான். ஒரு மாதம் முன்னே பின்னே போனால் ஒன்றும் ஆகிவிடாது. நான்கு வருடம் தள்ளினால் ஆகும். பிறகும் எலும்பு வைக்கலாம், பெரியவர்களுக்கும் வைக்கிறார்கள். ஆனால் வெற்றி வாய்ப்பு குறையும், வேரை மூடியிருக்க வேண்டிய எலும்பு முழு உயரத்துக்குக் கிடைக்காமல் போகலாம்.

அதற்கு முன் தாடையை விரிப்பது எதற்கு? உள்ளே சரிந்து கிடக்கும் துண்டை வெளியே கொண்டுவந்தால்தான் அறுவைசிகிச்சை நிபுணரின் கை பிளவுக்குள் சரியாகப் போகும், எலும்பையும் சரியான அகலத்தில் வைக்க முடியும். இந்த வேலைக்குச் சில மாதங்கள் பிடிக்கும். பிறகு கம்பியைக் கழற்றிவிடாமல், எலும்பு வைத்துப் பிடிக்கும்வரை அந்த அகலத்தைக் காத்துக்கொண்டிருக்க வேண்டும்.

கண்ணில் உறுத்துகிற அந்தத் திருகிய முன்பல்லைப் பற்றி ஒரு வார்த்தை. வீட்டில் எல்லோருக்கும் அதைத்தான் முதலில் நேராக்க வேண்டும் என்று தோன்றும். எனக்கு அதில்தான் அவசரமே இல்லை. பிளவை ஒட்டிய அந்தப் பல்லின் வேர்மேல் இருப்பது மெல்லிய எலும்புத் தகடு. இப்போது வேகமாகத் திருப்பினால் வேர் அந்தத் தகட்டைத் தாண்டிப் பிளவுக்குள் எட்டிப்பார்க்கும். எலும்பு வைத்த பிறகு பயமில்லாமல் திருப்பலாம். பள்ளி ஆண்டுவிழாவுக்குள் அதை மட்டும் நேராக்கித் தருகிறேன் என்று யாராவது சொன்னால், எக்ஸ்ரேயில் அந்த வேரைக் காட்டச் சொல்லுங்கள்.

இடுப்பெலும்பு பற்றிய பயம்

உங்கள் மனைவியிடம் இதை நேரடியாகச் சொல்லுங்கள்: இடுப்பு மூட்டில் யாரும் கை வைப்பதில்லை. இடுப்பில் கை ஊன்றி நிற்கும்போது விரலில் தட்டுப்படுகிற விளிம்பு இருக்கிறதே, அங்கே சிறிதாகத் திறந்து, உள்ளே இருக்கும் பஞ்சு போன்ற எலும்பைக் கொஞ்சம் சுரண்டி எடுப்பார்கள். விளிம்பின் வளர்ச்சிக் குருத்தெலும்பைச் சேதப்படுத்தாமல் எடுக்கும் முறைகள் இருக்கின்றன. உங்கள் நிபுணர் எப்படி எடுப்பார் என்று கேட்கலாம். பெரும்பாலான பிள்ளைகள் ஓரிரு நாளில் எழுந்து நடப்பார்கள். சில நாள் வலியால் சாய்ந்து நடப்பது உண்டு. அது நிரந்தர நொண்டல் இல்லை. ஓட்டம், குதிப்பு, முட்டி மோதும் விளையாட்டு எல்லாம் சில வாரங்களுக்கு வேண்டாம். வாய் ஆறும்வரை மெல்லத் தேவையில்லாத மென்மையான உணவுதான்.

ஆபத்தே இல்லை என்று சொல்லவில்லை. வைத்த எலும்பில் ஒரு பகுதி கரையலாம், தையல் விட்டு எலும்பு வெளியே தெரியலாம், கிருமி தொற்றலாம், தொடையின் வெளிப்பக்கத்தில் கொஞ்ச இடம் மரத்துப்போகலாம். சிலருக்கு இரண்டாவது தடவை செய்ய வேண்டியும் வரும். எலும்புக்கு மாற்றான பொருள்கள் இருக்கின்றன. ஆனாலும் ஒப்பிட்டுப் பார்க்கும் அளவுகோலாக இன்றுவரை இருப்பது இடுப்பெலும்புதான்.

விழப்போகிற பல்லுக்கு எதற்கு அடைப்பு?

புதிதாக வைத்த எலும்புக்கு மிகப் பெரிய எதிரி அழுக்கு வாய். பக்கத்தில் சீழ் பிடிக்கிற சொத்தை இருக்கும்போது எந்த அறுவைசிகிச்சை நிபுணரும் எலும்பு வைக்கத் துணியமாட்டார், துணியவும் கூடாது. தவிர, விரிக்கும் சாதனம் பிடித்துக்கொண்டு நிற்பது கடைவாய்ப் பற்களில்தான். பால் கடைவாய்ப்பற்கள் 10, 11, 12 வயதில்தான் விழும். அதற்கு முன் அவை போய்விட்டால், பின்னால் உள்ள பல் முன்னே சாய்ந்து இடத்தைத் தின்றுவிடும்.

பிளவுள்ள குழந்தைகளுக்குச் சொத்தை அதிகம் வருவதற்குச் சோம்பேறித்தனம் காரணமில்லை. தழும்பால் மேலுதடு இறுகியிருக்கும், பிரஷ் மேலே போகாது. பிளவை ஒட்டிய பற்களின் எனாமலே சில சமயம் மெலிந்து குறைபட்டிருக்கும். இன்று இரவு செய்து பாருங்கள்: உங்கள் ஆள்காட்டி விரலால் அவன் மேலுதட்டை மெதுவாகத் தூக்கிப் பிடித்து, திருகிய பல்லின் பின்பக்கம் டார்ச் அடியுங்கள். பல்லும் ஈறும் சேரும் மடிப்பில் மஞ்சளாக ஒரு கோடு தெரிந்தால், அங்கேதான் பிரஷ் எட்டவில்லை. தலை சிறிதாக உள்ள பிரஷ், 1,000 பிபிஎம்முக்குக் குறையாத ஃப்ளோரைடு உள்ள பேஸ்ட், இரவு பெரியவர் ஒருவர் தேய்த்துவிடுவது. இவ்வளவுதான், ஆனால் தினமும்.

பிளவின் அருகே கூடுதலாக ஒரு குட்டிப்பல் தெரிகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அது இந்தப் பிளவில் சாதாரணம். பக்கவாட்டு வெட்டுப்பல் இல்லாமலே போவதும் அதேபோல் சாதாரணம். வழியில் நின்றால் எலும்பு வைப்பதற்குச் சில வாரங்களுக்கு முன் எடுத்துவிட்டு ஈற்றை ஆறவிடுவார்கள். அந்த முடிவை அறுவைசிகிச்சை நிபுணரும் சீரமைப்பு நிபுணரும் சேர்ந்து எடுக்கட்டும். வேறு எங்காவது போய் அவசரத்தில் பிடுங்கிவிடாதீர்கள்.

மூக்கால் வரும் பேச்சு

கிளிப் இதைச் சரிசெய்யாது. பேசும்போது அண்ணத்தின் பின்பகுதி எழுந்து மூக்குக்குப் போகும் வழியை அடைக்க வேண்டும். அது எட்டாதபோது காற்று மூக்கில் கசிகிறது. முன்ஈற்றில் உள்ள துவாரத்தாலும் கொஞ்சம் கசியலாம். குளிர்ந்த சின்னக் கண்ணாடி ஒன்றை மூக்குத் துவாரங்களுக்குக் கீழே பிடித்து ‘பாப்பா’, ‘காக்கா’, ‘தாத்தா’ என்று சொல்லச் சொல்லுங்கள். சொல்லும்போதே கண்ணாடியில் ஆவி படிந்தால் காற்று கசிகிறது என்று பொருள். ‘மாமா’ என்றால் எல்லோருக்குமே படியும், அதை வைத்துக் குழம்ப வேண்டாம். இது வீட்டுச் சோதனைதான். பேச்சுப் பயிற்சி நிபுணர் பார்த்துத்தான் பயிற்சி போதுமா, அண்ணத்தில் மறுபடி அறுவைசிகிச்சை தேவையா என்று சொல்ல முடியும். காது கேட்கும் திறனையும் சோதித்துவிடுங்கள். அண்ணப்பிளவு உள்ள பிள்ளைகளுக்கு நடுக்காதில் நீர் தேங்குவது அடிக்கடி நடக்கிற விஷயம், வகுப்பில் கவனிக்காத பிள்ளை என்று பெயர் வாங்கிக் கொடுத்துவிடும்.

18 வயதில் ஒரே தடவையாக

கேட்க நன்றாக இருக்கிறது, நடைமுறையில் கைகொடுக்காது. எலும்பு வைப்பதற்கு ஏன் காத்திருக்க முடியாது என்று மேலே சொல்லிவிட்டேன். ஆனால் உங்கள் கேள்விக்குள் ஒரு நியாயமும் இருக்கிறது: சில வேலைகள் உண்மையிலேயே வளர்ச்சி முடிந்த பிறகுதான்.

சின்ன வயது அறுவைசிகிச்சைத் தழும்புகளால் சிலருக்கு மேல்தாடை முன்னோக்கி வளர்வது குறைந்துவிடும். விடலைப் பருவத்தில் கீழ்தாடை வளர்ந்து முன்னே போக, மேலே உள்ளது பின்தங்கும். சிலருக்கு இந்த வயதிலேயே முகத்தில் மாட்டும் சாதனத்தால் மேல்தாடையை முன்னே இழுத்துப் பார்ப்பார்கள். அதில் கிடைத்த பலனைப் பிற்கால வளர்ச்சி விழுங்கிவிடவும் கூடும். வித்தியாசம் பெரிதாக இருந்தால், பெண்பிள்ளைகளை விடக் கொஞ்சம் தாமதமாக, பையன்களுக்கு 17, 18 வயதுக்கு மேல் தாடை அறுவைசிகிச்சை தேவைப்படும். எல்லோருக்கும் இல்லை. உங்கள் மகனுக்கு வேண்டியிருக்குமா என்று ஒன்பது வயதில் யாராலும் சொல்ல முடியாது. வருடம்தோறும் அளந்து பார்த்துத்தான் தெரியும். மேல்தாடையை முன்னே கொண்டுவரும்போது மூக்குப் பேச்சு கூடலாம் என்பதால், அதற்கு முன்னும் பேச்சுச் சோதனை அவசியம்.

இதனால்தான் 13 வயதில் முழுக் கிளிப் போடும்போது கவனமாக இருக்கச் சொல்கிறேன். தாடை வித்தியாசத்தை மறைக்கப் பற்களை ஒரு பக்கம் சாய்த்து, பல்லும் பிடுங்கி முடித்துவிட்டால், பின்னால் தாடை அறுவைசிகிச்சை வரும்போது அதே பற்களை எதிர்ப்பக்கம் தள்ள வேண்டியிருக்கும். சந்தேகமான நிலையில் 13-ல் பாதி வேலையோடு நிறுத்தி, வளர்ச்சி முடியக் காத்திருப்பதுதான் நேர்மையான சிகிச்சை. பக்கவாட்டுப் பல் இல்லாத இடத்துக்குக் கோரைப்பல்லையே நகர்த்திக் கொண்டுவரலாம், அல்லது இடம் விட்டு வளர்ச்சி முடிந்தபின் செயற்கைப் பல் பொருத்தலாம். எலும்பு நன்றாகப் பிடித்திருந்தால் முதல் வழியே எனக்குப் பிடித்தது. எந்த வழியானாலும், விரித்த தாடை மறுபடி ஒடுங்காமல் இருக்க, எல்லாம் முடிந்தபின் பிடிப்புச் சாதனத்தை நெடுங்காலம் போட வேண்டும். இதை முன்பே மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்த முறை போகும்போது கேட்க வேண்டியவை

- கோரைப்பல்லின் வேர் இப்போது எவ்வளவு வளர்ந்திருக்கிறது? எலும்பு வைப்பது ஏறக்குறைய எந்த மாதம்?
- அறுவைசிகிச்சை நிபுணர் இந்தத் திட்டத்தைப் பார்த்தாரா? நீங்கள் இருவரும் பேசினீர்களா?
- விரிப்பது முடிந்ததிலிருந்து எலும்பு வைக்கும்வரை அகலத்தை எது பிடித்துவைக்கும்?
- எலும்பு வைத்தபின் முழுக் கிளிப் வரை இடையில் எவ்வளவு காலம் வாயில் எதுவும் இல்லாமல் விடலாம்?

பதிலை எழுதித் தரச் சொல்லுங்கள். எக்ஸ்ரே, ஸ்கேன், வாய் அச்சு மாதிரி, அறுவைசிகிச்சைக் குறிப்பு எல்லாவற்றின் பிரதியும் உங்கள் கையில் இருக்கட்டும். வேறொரு குழுவிடம் கருத்துக் கேட்பதும் உங்கள் உரிமைதான். அதைக் கேட்டுக் கோபப்படுகிற மருத்துவர் என்றால், கருத்துக் கேட்க அதுவே ஒரு காரணம். அண்ணப்பிளவுக்கென்று எல்லாத் துறையும் சேர்ந்த குழு உள்ள மருத்துவமனை எட்டும் தூரத்தில் இருந்தால், தனித்தனியாக அலைவதைவிட அது எவ்வளவோ மேல்.

பையன்

அவன் சொன்னதைப் பிடிவாதம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். நினைவு தெரிந்த நாளிலிருந்து வாயைத் திறந்து காட்டிக்கொண்டே இருக்கிற பிள்ளை. இப்போது உள்ள சாதனம் அண்ணத்தில்தான் இருக்கிறது, பேசும்போது எதிரே இருப்பவருக்குத் தெரியவே தெரியாது. கண்ணாடி முன் அவனையே பேசச் சொல்லிக் காட்டுங்கள். வெளியே தெரிகிற கிளிப் இன்னும் சில வருடம் கழித்துத்தான், அதுவும் வகுப்பில் பலர் போட்டிருக்கும் வயதில். மேலே கேட்கச் சொன்ன நான்காவது கேள்வி அவனுக்காகத்தான். கம்பி இல்லாத காலம் என்று ஒன்று வருகிறது என்று தெரிந்தால், கம்பி உள்ள காலத்தைப் பிள்ளைகள் தாங்கிக்கொள்வார்கள்.

மருத்துவரிடம், “எங்களிடம் சொல்வதை அவனிடமும் சொல்லுங்கள்” என்று கேளுங்கள். எக்ஸ்ரேயில் ஒளிந்திருக்கும் கோரைப்பல்லை ஒன்பது வயதுப் பையனுக்குக் காட்டினால், அது எப்போது வரும் என்று அவனே கேட்க ஆரம்பிப்பான். பள்ளியில் யாராவது கேட்டால் சொல்ல ஒரு வரி தயாராக இருக்கட்டும்: “பிறக்கும்போது உதடு சேரல, ஆபரேஷன் பண்ணாங்க, இப்ப பல்லுக்கு வைத்தியம் நடக்குது.” அந்த வரியை அவனே தன் வார்த்தையில் அமைக்கட்டும். கேலி தொடர்ந்தால் வகுப்பாசிரியரிடம் பேசுங்கள், அவனிடம் சொல்லிவிட்டு. அடுத்த அறுவைசிகிச்சைக்கு நாள் குறிக்கும்போது, தேர்வையும் அவன் ஆசைப்படுகிற போட்டி எதையும் தவிர்த்து, எந்த வாரம் என்று அவனிடமே கேட்டுக் குறியுங்கள்.